வன்னி வெயிலில் பட்டரும் மாஜரினும்

பட்டர் முழுதாக உருகுவது ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸுக்குள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சித்திரை, வைகாசி மத்தியானங்கள் இந்த அளவை லேசாகத் தொட்டுவிடும். தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற குசினி என்றால் இன்னும் மேலே போகும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தாலே, வன்னி வீடுகளில் கேக்குக்கும் பிஸ்கற்றுக்கும் ஏன் பட்டரை விட மாஜரின் கூடுதலாகப் போகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி விலை. ஆனால் பேச்சு வந்தால் எல்லோரும் விலையை மட்டும்தான் சொல்கிறார்கள். வசதியில்லாதவர்கள் பாவிக்கிற பொருள் என்று மாஜரினை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மண்ணில் மாஜரின் செய்கிற சில வேலைகளைப் பட்டரால் செய்யவே முடியாது. அதே போல, பட்டரின் இடத்தில் மாஜரினை வைத்தால் கெட்டுப்போகிற வேலைகளும் உண்டு. எது எது என்று தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், பொருளும் வீணாகாது.

முதலில் கேக் அடிக்கிற வேலையைப் பார்ப்போம். சமையல் குறிப்புகள் எல்லாம் "பட்டரை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, சீனியோடு நன்றாக அடிக்கவும்" என்று தொடங்கும். அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் பிறந்தவை. அங்கே அறை வெப்பநிலை என்றால் 18 முதல் 21 பாகை. அந்தச் சூட்டில் பட்டர் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகி இருக்கும், ஆனால் உருகியிருக்காது. கொழுப்பின் ஒரு பகுதி நுண்ணிய பளிங்குகளாகத் திண்மமாகவே நிற்கும். சீனி மணிகள் அந்தக் கொழுப்பைக் கீறிக்கொண்டு போகும்போது காற்று உள்ளே புகும். பளிங்குகள் அந்தக் காற்றுக் குமிழ்களைச் சுற்றி நின்று பிடித்து வைத்துக்கொள்ளும். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அடித்து ஏற்றிய குமிழ்களுக்குள் வாயுவை நிரப்பி அவற்றைப் பெருக்க வைப்பதுதான் அதன் வேலை. ஆகவே அடிக்கும்போது காற்று ஏறாவிட்டால் எவ்வளவு பவுடர் போட்டாலும் கேக் அடர்த்தியாக, அடிப்பக்கம் பிசுபிசுத்துத்தான் வரும்.

நம் ஊரில் மத்தியானம் 11 மணிக்குப் பட்டரை மேசையில் வைத்தால் என்ன நடக்கும்? 30 பாகையில் பட்டர்க் கொழுப்பில் திண்மமாக எஞ்சியிருப்பது மிகவும் கொஞ்சம். பேசினுக்குள் அதை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் வெளிறிக்கொண்டு வரும், ஏதோ சரியாகப் போகிறது என்று தோன்றும். பிறகு திடீரென்று மினுங்கத் தொடங்கும். அந்த மினுக்கம்தான் அடையாளம்: பளிங்குகள் கரைந்து, எண்ணெய் மேலே வருகிறது. சீனி கரையாமல் அடியில் போய்த் தங்கி, அகப்பையில் நறநறவென்று படும். முட்டையை ஊற்றினால் கலவை திரைந்து, தயிர் உடைந்ததுபோல் பிரிந்துவிடும். மா போட்டவுடன் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதுபோல் தெரியும், ஆனால் காற்று போனது போனதுதான்.

மாங்குளத்தில் பிறந்தநாளுக்கும் கலியாணத்துக்கும் வீட்டில் இருந்தே கேக் செய்து கொடுக்கிற ஓர் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "பட்டர் எண்டா விடியக்காலமை அடிக்கோணும் பிள்ளை. வெயில் ஏறினாப் பிறகு மாஜரின்தான் கைகுடுக்கும்" என்றார். அவர் செய்வதும் அப்படித்தான். பட்டர் கேக் கேட்டால் விடிய நாலு மணிக்கு எழும்பி அடிக்கிறார். ஒரு பெரிய தாச்சியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, அதற்குள் பேசினை வைத்து அடிக்கிறார். சீனியை முதல்நாள் இரவே பிரிட்ஜில் வைத்துவிடுகிறார். ஐஸ்கட்டி போட்ட தண்ணீர் என்றால் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பட்டர் கட்டிபடும், கிணற்றுத் தண்ணீர்தான் கணக்கு என்பது அவருடைய அனுபவம். மார்கழியில் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. மாரி மழை பெய்து, காலை 22, 23 பாகைக்கு இறங்குகிற நாட்களில் பட்டர் தானாகவே சரியான பதத்தில் நிற்கும். நத்தார் கேக்குக்குப் பட்டர் வாங்குவதில் அந்த வகையில் ஒரு நியாயம் இருக்கிறது.

மாஜரின் ஏன் கைகொடுக்கிறது? அது செய்யப்படும் விதமே காரணம். பாலின் கொழுப்பு இயற்கை தந்த கலவை. எந்தச் சூட்டில் இளக வேண்டும் என்று அதை யாரும் கேட்க முடியாது. மாஜரினில் அதைத் தீர்மானிப்பது செய்பவர்தான். பாம் எண்ணெய், தேங்காயெண்ணெய், சோயா எண்ணெய் என்று வெவ்வேறு சூட்டில் உருகும் எண்ணெய்களைக் கலந்து, தண்ணீரையும் உப்பையும் சேர்த்து, வேகமாகக் குளிரவைத்துப் பிசைகிறார்கள். வெப்ப நாட்டுக் கடைத்தட்டுக்கென்று செய்த மாஜரின் 30 பாகையிலும் ஓரளவு திண்மத்தை வைத்திருக்கும். பளிங்குகளும் மிகச் சிறியவை, காற்றைப் பிடிக்கத் தோதானவை. அதனால்தான் மத்தியானத்தில் அடித்தாலும் அது பொங்கி வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கடையில் மஞ்சள் நிறத்தில், மூடி போட்ட டப்பாவில் இருப்பதெல்லாம் மாஜரின் அல்ல. உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸின்படி, பட்டரில் குறைந்தது 80 வீதம் பால் கொழுப்பு இருக்கவேண்டும், தண்ணீர் 16 வீதத்தைத் தாண்டக்கூடாது. மாஜரினுக்கும் 80 வீதக் கொழுப்பு என்பதே அளவு. அதற்குக் கீழே போனால் அது ஃபேட் ஸ்பிரெட், பாணில் பூசுவதற்கான பொருள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், டப்பாவும் ஒரே மாதிரி. ஒரு கேக்குக்கு 250 கிராம் பட்டர் என்று குறிப்பில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் கொழுப்பு 200 கிராம், தண்ணீர் 40 கிராம் அளவில். அதற்குப் பதிலாக 60 வீதக் கொழுப்புள்ள ஸ்பிரெட்டை 250 கிராம் போட்டால், கொழுப்பு 150 கிராம்தான் வரும். தண்ணீர் கிட்டத்தட்ட 100 கிராம். அதாவது கொழுப்பில் 50 கிராம் குறைவு, தண்ணீரில் நான்கு மேசைக்கரண்டி கூடுதல். மாவோடு தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்தால் கேக் பாண்போல இழுபடும். பிஸ்கற் மொறுமொறுப்பாக வராமல் பஞ்சுபோல இருக்கும். "மாஜரின் போட்டேன், கேக் சரிவரவில்லை" என்று சொல்பவர்கள் டப்பாவை ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு என்ற எண் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். 80க்குக் கிட்ட இருந்தால் பட்டரின் நிறைக்கு அதே நிறையைப் போடலாம். 70 என்றால் குறிப்பில் உள்ள பாலைக் குறைத்துச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே என்றால் அதைப் பாணுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

உப்பும் அப்படித்தான். மாஜரினில் பெரும்பாலும் உப்பு இருக்கும். குறிப்பில் தனியாக உப்புக் கேட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். நிறையையும் பார்க்கவேண்டும்: பட்டர் பக்கெற் 200 கிராம், 227 கிராம் என்று வரும், மாஜரின் டப்பா 250 கிராம். "ஒரு பக்கெற்றுக்கு ஒரு டப்பா" என்று மாற்றினால் அளவு குழம்பிவிடும்.

மாஜரின் பிறந்த கதையும் வன்னிக்கு அந்நியமானதல்ல. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பட்டர் விலை ஏறி, கடற்படைக்கும் ஏழைகளுக்கும் கட்டுப்படியாகவில்லை. மலிவாக, பழுதாகாமல் இருக்கக்கூடிய ஒரு மாற்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அரசர் அறிவித்தார். இப்போலிட் மேஜ் மூரியேஸ் என்ற இரசாயனவியலாளர் 1869 இல் அதைச் செய்து காட்டினார். அவர் பாவித்தது மாட்டுக் கொழுப்பும் ஆடை நீக்கிய பாலும். ஆம், முதல் மாஜரின் மாட்டுக் கொழுப்பில்தான் உண்டானது. இன்று நமது கடைகளில் இருப்பவை தாவர எண்ணெயில் செய்தவை. ஆனால் சிலவற்றில் பால் மோர்த்தூள் சேர்ப்பதுண்டு. பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உள்ள வீட்டில் சேர்மானப் பட்டியலை வாசிக்காமல் வாங்கக்கூடாது.

1871 இல் நெதர்லாந்தின் ஓஸ் நகரத்துப் பட்டர் வியாபாரிகளான யூர்கென்ஸ் குடும்பத்தார் மேஜ் மூரியேஸின் முறையை வாங்கினார்கள். அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பமும் போட்டிக்கு இறங்கியது. 1902 இல் ஜேர்மனியரான வில்ஹெல்ம் நோர்மன் திரவ எண்ணெயை ஐதரசனேற்றம் செய்து, அதாவது ஐதரசன் வாயுவைச் சேர்த்து, இறுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகு மாட்டுக் கொழுப்பு தேவைப்படவில்லை, எந்தத் தாவர எண்ணெயையும் கட்டியாக்கலாம். போட்டியாளர்கள் 1927 இல் ஒன்றானார்கள். சவர்க்காரம் செய்த லீவர் பிரதர்ஸுடன் சேர்ந்து 1930 இல் யூனிலீவர் ஆனார்கள். நமது கடைத்தட்டுகளுக்கு அஸ்ட்ரா மாஜரின் வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான். பால் பண்ணைக்காரர்கள் சும்மா விடவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மஞ்சள் நிறம் சேர்த்த மாஜரினை விற்பதற்கு 1967 வரை தடை இருந்தது. வெள்ளையாக விற்றால் யாரும் பட்டர் என்று ஏமாற மாட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

வன்னியில் பாலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. குளங்களும் காடும் மேய்ச்சல் தரையும் உள்ள நாடு. மாடும் எருமையும் பட்டிகளாக நின்ற இடம். அப்படியிருந்தும் நமது சாப்பாட்டில் பட்டர் என்று ஒன்று நிலைத்து நிற்கவில்லை. காரணம் மறுபடியும் சூடுதான். தயிரை மத்தால் கடைந்து வெண்ணெய் எடுத்தார்கள். ஆனால் அதை அப்படியே வைத்திருக்க முடியாது. வெண்ணெயில் தண்ணீரும் பால் புரதமும் இருக்கின்றன, இரண்டு நாளில் புளித்துக் காறிவிடும். அதனால் உடனேயே அடுப்பில் ஏற்றினார்கள். வெண்ணெய் படபடவென்று பொரிந்து, தண்ணீர் ஆவியாகி, சத்தம் அடங்கும். அடியில் படிந்த பால் திப்பி பொன்னிறமாகும்போது ஒரு கைப்பிடி முருங்கையிலையைப் போட்டு இறக்குவார்கள். தண்ணீர் இல்லை, புரதம் இல்லை. எனவே கெடுவதற்கு வழி குறைவு, பிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். பட்டரை இந்த வெயிலில் காப்பாற்ற நம்மவர்கள் கண்ட வழி நெய். ஐரோப்பாவின் தொழிற்சாலைகள் வேறு திசையிலிருந்து கண்ட வழி மாஜரின். இரண்டும் ஒரே பிரச்சினைக்கான விடைகள் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

போர்க்காலம் இதை இன்னும் இறுக்கியது. தேசிய மின் வலையமைப்பு வன்னியின் பெரும்பகுதிக்கு எட்டாத ஆண்டுகள் அவை. எரிபொருளும் மின்கலமும் சீமெந்துமே தடுக்கப்பட்ட காலத்தில் குளிரூட்டிய பட்டர் பக்கெற் எங்கிருந்து வரும்? 2002 இல் வன்னியூடாகச் செல்லும் ஏ9 வீதி திறந்து ஓமந்தைச் சோதனைச்சாவடியூடாகச் சாமான்கள் வரத் தொடங்கியபோதும், 2006 இல் மறுபடி மூடும் வரைக்கும், பெட்டியில் அடுக்கி லொறியில் வெயிலில் வந்தாலும் தாங்கக்கூடிய சாமான்தான் கடைக்காரருக்கு ஏற்றது. மாஜரின் அப்படித் தாங்கும். பாணில் மாஜரினைப் பூசி மேலே சீனி தூவிச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கிறார்கள். அந்தச் சுவைக்குப் பட்டரைக் கொடுத்தால் "இது அந்த ருசி இல்லை" என்பார்கள், அதில் பிழையும் இல்லை. 2009 க்குப் பிறகு மின்சாரம் வந்தது, பிரிட்ஜும் வந்தது. ஆனால் 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, பிரிட்ஜில் வைத்த பட்டரின் நிலை எல்லோருக்கும் தெரியும்.

வெதுப்பகங்களில் நடப்பது வேறு கதை. இதழ் இதழாகப் பிரியும் பேஸ்ற்றிக்குப் பாவிப்பது வீட்டு மாஜரின் இல்லை. பெட்டிக் கணக்கில் வரும், மெழுகுபோல இறுகிய தனி வகை. அதன் உருகுநிலை 40 பாகைக்கும் மேல். பிசைந்த மாவை விரித்து, நடுவில் இந்த மாஜரினைத் தட்டையாக வைத்து, நான்கு பக்கமும் மடித்து, உருளையால் தேய்த்து, மறுபடி மடித்துத் தேய்ப்பார்கள். மடிக்க மடிக்க மாவும் கொழுப்பும் மாறி மாறி நூற்றுக்கணக்கான மெல்லிய படைகளாகும். போறணைக்குள் போனதும் மாவிலும் கொழுப்பிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு படையையும் தூக்கும். கொழுப்பு முன்கூட்டியே உருகி மாவுக்குள் ஊறிவிட்டால் படையே இருக்காது, வெறும் தடித்த ரொட்டிதான். விறகுப் போறணை எரியும் ஒரு வெதுப்பகத்துக்குள், மேசையே சுட்டுக்கொண்டிருக்கும்போது, பட்டரை வைத்து இந்த வேலையைச் செய்யமுடியாது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. நமது வாய்க்குள் 37 பாகை. 40க்கு மேல் உருகும் கொழுப்பு அங்கே முழுதாக உருகாது, அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். பேஸ்ற்றியைச் சாப்பிட்டுச் சுடச்சுடத் தேத்தண்ணீர் குடித்தால்தான் வாய் சுத்தமாகிறது என்பது அதனால்தான். பட்டர் வாயிலேயே கரைந்து, அந்தக் கணத்தில் மணத்தை விடுகிறது.

அந்த மணம்தான் மாஜரினால் ஈடுசெய்ய முடியாத இடம். பட்டரின் வாசனைக்குக் காரணமான டையசெற்றைலை மாஜரினுக்கும் செயற்கையாகச் சேர்க்கிறார்கள், நிறத்துக்குக் கரோட்டினைச் சேர்க்கிறார்கள். பச்சையாக முகர்ந்தால் கிட்டத்தட்டப் பட்டர்தான். ஆனால் அடுப்பில் ஏறியதும் வேறுபாடு வெளியே வரும். பட்டரில் இருக்கும் பால் புரதமும் பால் சீனியும் சூட்டில் சேர்ந்து பொன்னிறமாகி, வறுத்த வாசனையைத் தருகின்றன. மாஜரினில் அவை இல்லை அல்லது மிகக் குறைவு. ஆகவே மாஜரினைச் சட்டியில் உருக்கினால் தண்ணீர் தெறிக்கும், நுரைக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து நெய் எடுக்க முடியாது. ரவைக் கேசரிக்கு மாஜரின் போட்டால் ஆறியதும் வரும் அந்த எண்ணெய் வாடையை ஏலக்காய் போட்டும் மறைக்கமுடியாது. சர்க்கரைப் புக்கைக்கு அதைப் போடுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மா, சீனி, கொழுப்பு என்ற மூன்றும் மட்டும் உள்ள பிஸ்கற்றிலும் அப்படித்தான். ஒளிந்துகொள்ள வேறு ருசி எதுவும் இல்லாத இடத்தில் பட்டர் அல்லது நெய்தான் வேண்டும்.

மறுபக்கம் பாருங்கள். சொக்லற் கேக், பேரீச்சம்பழக் கேக், கறுவா, கராம்பு, சாதிக்காய் எல்லாம் போட்டுச் செய்யும் ரிச் கேக் போன்றவற்றில் பாதி மாஜரின் பாதி பட்டர் போட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் குறைவு. கேக்கின் மேல் பூசும் ஐசிங்குக்கு அந்தப் பாதிக்குப் பாதியே இங்கே சிறந்தது என்பேன். பட்டர் மட்டும் என்றால் சாமத்தியவீட்டுப் பந்தலில் ஒரு மணி நேரத்தில் பூ வழிந்து இறங்கும். மாஜரின் மட்டும் என்றால் நிற்கும், ஆனால் நாக்கில் பிசுக்காக ஒட்டும். முட்டை பொரிக்க, தோசைக் கல்லில் தடவ என்றால் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கும்போது இரண்டுமே தேவையில்லை.

உடம்புக்கு எது நல்லது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் மாஜரின் என்றார்கள், பிறகு பட்டர் என்றார்கள். நடந்தது இதுதான். திரவ எண்ணெயை முழுதாக அல்லாமல் பகுதி ஐதரசனேற்றம் செய்யும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. 1990 இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கட்டான் ஆகிய இருவரும், டிரான்ஸ் கொழுப்பு இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவதோடு நல்லதையும் குறைக்கிறது என்று காட்டினார்கள். டென்மார்க் 2003 இல் சட்டம் போட்டு அதை எண்ணெய், கொழுப்பில் 2 வீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2018 இல் உலக சுகாதார நிறுவனம் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை 2023க்குள் உலகெங்கும் ஒழிக்கவேண்டும் என்று அழைப்பு விடுத்தது. இன்று பல மாஜரின்களில் பகுதி ஐதரசனேற்றம் இல்லை, பாம் எண்ணெயே இறுக்கத்தைத் தருகிறது. அப்படியென்றால் டிரான்ஸ் கொழுப்புக் குறைவு, ஆனால் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் நிரம்பிய கொழுப்பு இருக்கும். பட்டரிலும் பாதிக்கு மேல் அதுதான். ஆகவே சர்க்கரை வியாதியோ இதய வருத்தமோ உள்ளவர்கள் "மாஜரின்தானே" என்று கூடப் பூசுவதற்கும் இடமில்லை, "பட்டர் இயற்கைதானே" என்று கூடப் பூசுவதற்கும் இடமில்லை. சேர்மானப் பட்டியலில் "பகுதி ஐதரசனேற்றப்பட்ட" என்ற சொற்கள் இருந்தால் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள். பெயர் இல்லாமல் நிறுத்து விற்கும் வெதுப்பக மாஜரினில் பட்டியலே இருக்காது. வீட்டுக்கு அதை வாங்கவேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வீட்டில் பால்மாடு உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பட்டர் கேட்கும் குறிப்புக்கு நெய்யைப் பாவிக்கலாம், ஆனால் நிறைக்கு நிறை அல்ல. நெய்யில் தண்ணீர் இல்லாததால் 250 கிராம் பட்டருக்கு 200 கிராம் நெய்யும் 40 மில்லிலீற்றர் பாலும் போதும். அடித்துக் காற்றேற்றும் கேக்குக்கு இது சரிவராது. நெய்யின் பளிங்குகள் பெரிய மணிகளாக உறைவதால் குமிழைப் பிடிக்க மாட்டா. வாயில் கரையும் பிஸ்கற்றுக்கும், கொழுப்பை உருக்கி ஊற்றிக் கலக்கும் கேக்குக்கும் நன்றாகப் பொருந்தும். உருக்கி ஊற்றச் சொல்லும் குறிப்புகளில் மாஜரினுக்கும் தேவை இல்லை, மணமில்லாத எண்ணெயே அந்த வேலையைச் செய்யும்.

எதை வாங்கினாலும் வைக்கும் இடத்தைப் பாருங்கள். மாஜரின் வெயிலைத் தாங்கும் என்பதற்காக அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தால் அதுவும் மெல்ல மெல்லக் காறும். நடுவில் குழி விழுந்து தண்ணீர் கசிந்து நின்றால் கலவை உடைந்துவிட்டது என்று அர்த்தம், பாணில் பூசலாம், கேக்குக்கு ஆகாது. பட்டர் பக்கெற் கடையிலேயே ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருந்தால் கடதாசியின் மடிப்புகளில் எண்ணெய்க் கறை தெரியும், மூலைகள் மழுங்கியிருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எந்த விடியக்காலையில் அடித்தாலும் காற்று ஏறாது.